ஒதுக்கப்பட்ட பணிகள்: பூஜ்யம்

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற அந்தச் சான்றிதழ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒன்றே ஒன்று. டைப்பிஸ்டம்மா. மற்ற பதினோரு பேருக்கும் கம்ப்யூட்டர் இருந்தது, அவ்வளவுதான்.

எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு திங்கட்கிழமை லாரியில் வந்தது. பன்னிரண்டு பெட்டி. பிரித்து மேசை மேசையாக வைத்தார்கள், ஒயர் இழுத்தார்கள், சுவரில் நாலு ஓட்டை போட்டார்கள், விழுந்த சிமெண்டுத் தூசியைக் கூட்டாமல் போய்விட்டார்கள். இனிமேல் பேப்பரே கிடையாது, இருப்பிடச் சான்று, பெயர் திருத்தம், பிறப்பு, இறப்பு எல்லாம் இந்தத் திரையில்தான் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கை பேப்பரில் வந்தது. ஆறு பிரதி.

பயிற்சி ஒரு நாள் என்று போட்டிருந்தார்கள். ஒரு நாள் என்றால் காலை பதினொன்றிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும். பயிற்சி கொடுக்க வந்தவர் திரையைப் பார்த்துப் பேசினார். இவர்கள் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டார்கள். கடைசியில் திரும்பி, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். பசி நேரத்தில் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? டைப்பிஸ்டம்மா மட்டும் ஒரு பழைய டைரியில் பதினேழு பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு என்று அவள் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவர் சங்கத் தலைவர். அவருக்கு 'மைக்' என்று பெயர். மைக் இல்லாமலே பேசக்கூடியவர். அவர் காம்பவுண்டில் நின்று கோஷம் போட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அவளிடம் வந்து ரகசியம் மாதிரி குனிந்தார்.

"அக்கா, அந்தச் சனியன் என்னமோ பாஸ்வேர்டு கேக்குது. என்னோடத எழுதித் தர்றேன். இன்னிக்கு மட்டும் நீங்க உள்ள போய் பாத்து விட்ருங்க."

இன்றைக்கு மட்டும். அந்த 'இன்றைக்கு மட்டும்' பதினாலு மாசம் ஓடியது.

மைக்குக்கு அடுத்து தபால் பிரிவுக்காரி வந்தாள். டைப்பிஸ்டம்மாவுக்கு அலுவலகத்தில் நெருக்கம் என்றால் அவள்தான். ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிடுகிறவர்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பதினோராவது ஆள் வரைக்கும். பதினோராவது ஆள் சூப்பரிண்டெண்ட். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாப்போம்" என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவர் 'ஆகட்டும் சார்'. பேத்தி பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "இத யார்கிட்டயும் காட்டாதீங்கம்மா, ரகசியம்" என்று கொடுத்தார். சீட்டுகளை அவள் வைத்துக்கொள்ளவில்லை. மூன்றே நாளில் எல்லாம் மனப்பாடம். யார் பெண்டாட்டி பெயரைப் போட்டிருக்கிறார், யார் போடவில்லை என்பதுவரை அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள்.

வேலை எப்படி நடந்தது என்றால் இப்படி: காலை பத்து மணிக்கு அவள் சூப்பரிண்டெண்ட். அவர் பெயரில் உள்ளே போய், வந்த கடிதங்களைத் திறந்து, என்ன எது என்று அவருக்கு வாயால் சொல்வாள். பத்தரைக்குத் தபால் பிரிவு. பதினொன்றுக்கு மைக். அவர் சரிபார்க்க வேண்டிய மனுக்களைச் சரிபார்த்து 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று போடுவாள். மதியத்துக்கு மேல் பிறப்பு, இறப்பு, பெயர் திருத்தம். நாலு மணிக்கு மறுபடி சூப்பரிண்டெண்டாகி, மைக்காக இருந்து தான் பரிந்துரைத்ததைத் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். ஜன்னலில் வந்து நிற்கிற ஜனங்களுக்கு மூன்றே நாளில் சான்றிதழ் கிடைத்தது. "அட, இந்த ஆபீசு திருந்திருச்சுப்பா" என்று ஊரெல்லாம் பேச்சு. திருந்தியது ஆபீசா, அவள் முதுகெலும்பா என்று யார் பார்த்தார்கள்? பதினோரு பேரும் டீக்கடையில் இருந்தார்கள்.

அவளுக்கென்றும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள். கொடுத்த அன்றைக்கு ஆசையாக உள்ளே போய்ப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி: 'தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பணிகள்: 0'. அப்படித்தான் செய்திருந்தார்கள் அந்த மென்பொருளை. எழுத்தருக்கு ஒரு கட்டம், சரிபார்ப்பவருக்கு ஒரு கட்டம், ஒப்புதல் அதிகாரிக்கு ஒரு கட்டம். டைப்பிஸ்டுக்குக் கட்டமே இல்லை. எல்லாரும் அவரவர் டைப் அடித்துக்கொள்ளும்போது டைப்பிஸ்ட் எதற்கு என்று யாரோ ஒரு புத்திசாலி எங்கேயோ ஏசி ரூமில் முடிவு பண்ணியிருக்கிறான். அவன் இந்தப் பதினோரு பேரைப் பார்த்ததில்லை.

வீட்டில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்; எதையும் நேராகப் பார்த்துத்தான் பழக்கம்.

"ஏம்மா, அத்தன வேலையும் அவங்க பேருல போகுதுன்னா, உன் பேருல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணாவது உன் பேருல போட்டுக்கலாமில்ல?"

"எங்கங்க போடுறது? எனக்குன்னு அதுல இடமே இல்லயே."

"அப்ப நீ அங்க இல்ல" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

ஏன் சுருக்கென்றது என்றால், அவள் நிரந்தரம் இல்லை. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். வருஷா வருஷம் ஒரு தாள் வரும், 'மேலும் ஓராண்டு' என்று. அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரம் முழுக்கத் தபால் கட்டை அவளே முதலில் பிரித்துப் பார்ப்பாள். இந்த வருஷம்தான் கடைசியாக ஒரு வழி திறந்தது. தற்காலிகப் பணியாளர்களில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களை, 'டிஜிட்டல் ஆயத்த நிலை ஆய்வில்' தேறினால், நிரந்தரப் பட்டியலில் சேர்ப்பார்களாம். தேறாதவர்களை விடுவித்துவிடுவார்களாம். அவளுக்கு நாற்பத்தொன்பது. அறிவிப்பைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தால் வேலை நிரந்தரம்! இந்த ஆபீசில் என்னைத் தவிர யார் தேறுவார்கள் என்று நினைத்தாள். மகளிடம்கூடச் சொல்லிவிட்டாள், நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவளிடம்: "இந்த வாட்டி உங்கம்மாவுக்குப் போட்டுருவாங்கடி."

ஆய்வு நிரந்தரக்காரர்களுக்கும் உண்டு. முதல் கட்டம் ஒரு கேள்விப் பட்டியல். முப்பத்திரண்டு கேள்வி. ஒவ்வொருவரும் அவரவர் பெயரில் உள்ளே போய் அவரவரே பதில் சொல்ல வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சொல்லவா வேண்டும், ஒரே பிற்பகலில் பதினோரு பேருக்கும் அவளே சொன்னாள்.

"'புதிய தொழில்நுட்பத்தைப் பற்றி உங்கள் மனநிலை என்ன'ன்னு கேட்டிருக்கு. என்ன போட?" என்று மைக்கைக் கேட்டாள்.

"என்னென்ன இருக்கு?"

"ஆர்வம், தயக்கம், அச்சம்."

"ஆர்வம்னு போடுங்க. ரொம்ப ஆர்வம்னு இருந்தா அதப் போடுங்க."

மௌஸை இதுவரை அவர் விரல் தொட்டதில்லை. ரொம்ப ஆர்வம் என்றே போட்டாள்.

பதினோரு பேருக்கும் முடித்துவிட்டுத் தன் பெயரில் உள்ளே போனாள். இங்கேதான் அந்த அசட்டு மனுஷி மாட்டிக்கொண்டாள். பதினோரு பேர் பெயரில் கூசாமல் பொய் சொன்னவளுக்குச் சொந்தப் பெயரில் சொல்லக் கை வரவில்லை. 'முறையான பயிற்சி பெற்றீர்களா?' இல்லை. ரெண்டு மணி நேரம் முதுகைப் பார்த்தது பயிற்சியா? இல்லை. 'உங்கள் கணக்கின் வழியாக நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை பணிகள் முடிக்கிறீர்கள்?' பூஜ்யம். அதுதானே நிஜம். அனுப்பிவிட்டு, அத்தனை பேருக்கும் முடிந்ததே என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சூப்பரிண்டெண்டுக்கு வந்ததை வழக்கம்போல அவள்தான் திறந்தாள். இந்த அலுவலகம் மாவட்டத்திலேயே முதலிடம். பதினோரு பேர் 'முழு ஆயத்தம்'. ஒருவர் 'ஆயத்தமின்மை'. நேரில் சரிபார்க்க அதிகாரி வருவார்.

ஒருவர் யார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது அடைத்துக்கொண்டது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சூப்பரிண்டெண்ட் அவளை அறைக்குக் கூப்பிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிவிட்டது.

"நாளைக்கு அந்த மேடம் கேட்டா, எங்க பேருல நீங்க செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாஸ்வேர்டக் குடுத்தது குத்தம். அடுத்தவங்க பேருல உள்ள போனது அதவிடப் பெரிய குத்தம். எங்க பதினோரு பேருக்கும் மெமோ வரும். உங்களுக்கு மெமோகூட வராது, நேரா வீடுதான். தற்காலிகமாச்சே. எனக்கு இன்னும் அஞ்சு மாசம்மா ரிட்டயர்மெண்டுக்கு."

"அப்ப என் பேரு, சார்? லிஸ்டு?"

"தெரியாதுன்னு சொல்லிடுங்க. உடனே விடுவிச்சிட மாட்டாங்க, பயிற்சி தேவைன்னு எழுதுவாங்க. மூணு வாரம் பயிற்சிக்கு அனுப்புவாங்க. நீங்க போய்ட்டு வந்தா தெரிஞ்சவங்க ஆயிடுவீங்க. லிஸ்டுக்கு நானே சிபாரிசு எழுதறேன். என்ன நம்புங்க."

நம்பினாள். வேறு என்ன செய்வாள்? அன்றைக்குச் சாயங்காலம் பதினோரு பேரும் அவளைத் தங்கமாகத் தாங்கினார்கள். மைக் தன் கையால் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். "உங்கள விட்டுக் குடுப்போமாக்கா? சங்கம் எதுக்கு இருக்கு?" என்றார். தபால்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

வந்த அதிகாரி முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். பதினோரு பேரின் பட்டியலைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் டெஸ்டே வேண்டாம், ரிப்போர்ட்டே பேசுது" என்று சிரித்துவிட்டு, நேராக டைப்பிஸ்டம்மா பக்கம் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதினாலு மாசத்துல உங்க பேருல ஒரு என்ட்ரிகூட இல்லம்மா. முதல் நாள் ஒரு தடவை, கேள்விப் பட்டியலுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் நீங்க உள்ள வந்தது. என்ன பிரச்சினை? இதுல வேலை செய்யத் தெரியுமா?"

காம்பவுண்டையே அதிர வைக்கிற மைக் தன் பேனா மூடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரி கீழே குனிந்து விழாத எதையோ தேடினாள். சூப்பரிண்டெண்ட் தன் அறை வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினார்.

டைப்பிஸ்டம்மாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. 'எல்லார் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும், வரிசையாச் சொல்லட்டுமா?' என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே அவள் கெட்டிக்காரி. அதற்கடுத்த நிமிஷம் குற்றவாளி. கூடவே இன்னும் பதினோரு பேர்.

"தெரியாது மேடம்."

"பரவால்ல. ரெண்டு நிமிஷம் பாக்கலாமா?" என்று அந்தப் பெண் அவள் கையை எடுத்து மௌஸின் மேல் வைத்தாள். "இப்படி லேசாப் பிடிங்க. பயப்படாதீங்க, உடைஞ்சிடாது. அந்த அம்புக்குறி நகருது பாருங்க, அத அந்தப் படத்து மேல கொண்டு போங்க."

நிமிஷத்துக்கு எழுபது வார்த்தை அடிக்கிற கை அது. அந்தக் கையால் அம்புக்குறியைக் கோணலாக ஓட்டிப் படத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினாள். வேண்டுமென்றே. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை, "சரி விடுங்கம்மா, வயசாயிட்டா கொஞ்சம் கஷ்டந்தான்" என்று அந்தப் பெண் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவமானத்தில் டைப்பிஸ்டம்மாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. பதினோரு பேரும் பெருமூச்சு விட்டது அவளுக்குக் காதில் விழுந்தது.

பயிற்சிக்கான கடிதம் வரும் வரும் என்று காத்திருந்தாள். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, சூப்பரிண்டெண்டின் பெயரில் உள்ளே போனபோது அது வந்திருந்தது. பயிற்சி இல்லை. 'தங்கள் அலுவலகத்தில் அனைத்துப் பணிகளும் ஆயத்த நிலையிலுள்ள பதினொரு நிரந்தரப் பணியாளர்களாலேயே நிறைவேற்றப்படுவது ஆய்வில் தெரியவருகிறது. எனவே தற்காலிகத் தட்டச்சரை விடுவிக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் மூன்று வேலை நாட்களுக்குள் காரணத்துடன் தெரிவிக்கவும்.'

தன் தலைக்கு வந்த கடிதத்தை அவளே பிரிண்ட் எடுத்து, அவளே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"ஆகட்டும், பாப்போம்" என்றார்.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் மைக்கிடம் போய் நின்றாள்.

"அக்கா, சங்கம் பேசலாம். ஆனா தற்காலிகம் எல்லாம் சங்கத்துல மெம்பர் கிடையாதே. ரூல்ஸ் அப்படி. நான் என்ன பண்றது சொல்லுங்க" என்றார். மெதுவாகப் பேசினார். அவருக்கு மெதுவாகக்கூடப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் தபால்காரியோடு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கேட்டேவிட்டாள். "நீ ஒருத்தி சொன்னா போதும்டி. என் தபால் வேலைய அக்காதான் பாத்தாங்க, அவங்க இல்லாம ஆகாதுன்னு. ஒரே ஒரு வரி."

"எப்படிக்கா சொல்றது? அவருக்கும் இப்ப வேலை இல்ல, வீட்டுல நான் ஒருத்திதான். எனக்கு மெமோ வந்தா நாங்க எங்க போவோம்?" என்று தபால்காரி அழுதே விட்டாள். அழுகை நிஜம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, கை கழுவிவிட்டு வந்து, "கோச்சுக்காம இந்த நாலு தபால மட்டும் இன்னிக்கு ஏத்தி விட்ருங்கக்கா, ஜன்னல்ல ஆளு நிக்குது" என்றாள்.

ஏற்றிவிட்டாள். ஜன்னலில் நின்றது ஒரு கிழவர், அவர் என்ன பாவம் செய்தார். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் அடிக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளாக இவர்களுக்கு உதவி செய்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன், இவர்களுக்குள்ளேயே கரைந்து காணாமல் போயிருக்கிறேனே என்று. அன்றைக்கு வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். தட்டில் சோறு போட்டு அவள் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டார். அவர் கம்ப்யூட்டர் முன்னால் அவரே நாற்காலியைத் திருப்பி வைத்திருந்தார், அவள் உட்கார.

"பதில் இன்னிக்குள்ள போகணும்மா. நான் சொல்லச் சொல்ல அடிச்சிடுங்க."

உட்கார்ந்தாள். அவர் பெயரில் உள்ளே போனாள். பேத்தி பெயர், ஒன்று இரண்டு மூன்று.

"எழுதிக்குங்க. 'மேற்படி பணியாளர் கணினிப் பயன்பாட்டில் போதிய தேர்ச்சி பெறாதவர். அவரை விடுவிப்பதில் இவ்வலுவலகத்திற்கு ஆட்சேபணை ஏதுமில்லை.'"

அவள் விரல் நின்றுவிட்டது.

"சிபாரிசு எழுதறேன்னீங்களே சார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அவள் எதிரில் வந்து நின்றார். இந்த மூன்று நாளில் அவரும் ஆள் பாதியாகியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

"எழுதலாம்மா. ரெண்டு நாளா அதத்தான் யோசிச்சேன். இவங்க இங்க தேவைன்னு எழுதலாம். எதுக்குத் தேவைன்னு கேப்பாங்களே? தபால் வேலை தபால் செக்‌ஷன் பாக்குது. சரிபாக்கற வேலை மைக் பாக்கறான். ஒப்புதல் நான் குடுக்கறேன். எல்லாம் அதுல பதிவாயிருக்கு, நாள் தவறாம, நேரத்தோட. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு நான் எழுதறது? நீங்களே சொல்லுங்க. சத்தியமா அப்படியே எழுதறேன்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பதினாலு மாசத்தில் அந்த ஆபீசிலிருந்து போன ஒவ்வொரு சான்றிதழும் அவள் விரல் வழியாகப் போனது. அதில் ஒன்றைக்கூட இது என்னுடையது என்று எடுத்துக் காட்ட முடியவில்லை. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லையே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டியது. பொய் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள்.

சாப்பாட்டு அறையிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட, "அடிச்சு வைங்க, வந்துட்டேன்" என்று போனார்.

அவள் தனியாக இருந்தாள். அவர் படித்துப் பார்க்க மாட்டார். ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. என்ன அடித்தாலும் அவர் பெயரில் போய்விடும். 'ஆட்சேபணை உண்டு' என்ற கட்டத்தை அமுக்கினாள். உடனே கீழே இன்னொன்று திறந்தது: 'காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்க'. மூன்றே காரணம். 'பணியாளரிடம் பணிகள் நிலுவையில் உள்ளன' என்பதை அமுக்கினாள். சிவப்பில் வந்தது: 'மேற்படி பணியாளரிடம் நிலுவை: 0'. 'மாற்றுப் பணியாளர் இல்லை' என்பதை அமுக்கினாள். 'ஆயத்த நிலையில் உள்ள மாற்றுப் பணியாளர்கள்: 11' என்றது. மூன்றாவது, நீதிமன்ற உத்தரவு. அதற்கு அவள் எங்கே போவாள்?

பதினோரு பேரையும் ஆயத்தம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அது அதையே அவளிடம் திருப்பிச் சொன்னது. எல்லாவற்றையும் அழித்தாள். அவர் சொன்ன இரண்டு வரியை அப்படியே அடித்தாள். 'போதிய' என்பதில் மட்டும் ஒரு எழுத்து தவறி விழுந்தது, திருத்தினாள். பிழையோடு எதையும் அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "முடிஞ்சுதா? அனுப்பிடுங்க."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றாள்.

"நீங்களே அமுக்குங்க சார்."

"நானா? நீங்களே அமுக்கிடுங்களேன். உங்களுக்குத்தான் பழக்கம்."

"மாட்டேன் சார்."

அந்த ஆபீசில் யாரிடமும் அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். மௌஸை முழுக் கையாலும் பற்றினார். அம்புக்குறி திரைக்கு வெளியே ஓடி ஒளிந்தது.

"எங்கம்மா போச்சு?"

"கொஞ்சம் இடது பக்கம் இழுங்க. இன்னும் கொஞ்சம். இப்ப கீழ."

"இதா?"

"இல்ல சார், அது ரத்து. பக்கத்துல பச்சையா இருக்கே, அது."

நெற்றியில் வியர்வை துளிர்க்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, அம்புக்குறியைப் பச்சைக் கட்டத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு அமுக்கு அமுக்கினார். 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று வந்தது. கம்ப்யூட்டர் வந்த பதினாலு மாசத்தில் அவர் சொந்தக் கையால் செய்த முதல் வேலை அது.

"ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு சார்" என்றாள். "நல்லாவே வருது உங்களுக்கு."